சைக்கிளில் ஒட்டிக்கொண்ட பசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சைக்கிள் பராமரிப்பு பற்றி வந்திருக்கும் கடிதங்களில், ஸ்டிக்கரும் டேப்பும் விட்டுச்செல்லும் பிசுபிசுப்பைக் குறித்தவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் தருகிறோம்.

கேள்வி: மகளுக்குப் புதுச் சைக்கிள் வாங்கியபோது ஃபிரேமில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை, பெயின்ட் கெடாமல் இருக்கட்டும் என்று பிரிக்காமலே விட்டுவிட்டோம். சில ஆண்டுகள் கழித்து இப்போது பிரித்தால் தாள் துண்டு துண்டாகக் கிழிகிறது. அதை ஒட்டியிருந்த டேப்பின் பசை தூசியோடு சேர்ந்து கறுத்துக் கிடக்கிறது. சோப்புத் தண்ணீரால் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. என்ன செய்வது? — ஒரு வாசகி, சேலம்

பதில்: சோப்புத் தண்ணீர் பலிக்காததில் வியப்பில்லை. செல்லோ டேப்பிலும் ஸ்டிக்கரிலும் இருக்கும் பசை, ரப்பருடன் பிசின் கலந்தோ அக்ரிலிக் சேர்மங்களைக் கொண்டோ செய்யப்படுவது. நீரில் அது கரையாது. மாவுப் பசை உலர்ந்து இறுகிப் பிடிக்கிறது. இந்தப் பசையோ உலர்வதே இல்லை. அழுத்தும்போது பரப்பின் நுண்ணிய பள்ளங்களுக்குள் மெல்ல இறங்கிப் பற்றிக்கொள்ளும்படி, எப்போதும் பாதித் திரவ நிலையிலேயே இருக்குமாறு அது உருவாக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் படும்போது மேலே இருக்கும் பிளாஸ்டிக் படலம் நொறுங்கத் தொடங்குகிறது. அடியில் இருக்கும் ரப்பர்ப் பசை முதலில் இளகிக் கூழாகிறது. பின்னர் ஆக்சிஜனேற்றம் முற்றி, இறுகிக் கறுத்துப்போகிறது. தங்கள் சைக்கிளில் இந்த இரண்டு நிலைகளுமே இருக்கக்கூடும்: வெயில் நேராக விழும் மேல் தண்டில் கெட்டியாகவும், கீழ்த் தண்டின் அடிப்புறத்தில் பிசுபிசுப்பாகவும்.

முதலில் தாளை எடுங்கள். காலை வெயிலில் சிறிது நேரம் நிறுத்தியோ, தலைமுடி உலர்த்தும் கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தோ ஃபிரேமைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, தாளின் ஒரு முனையை நகத்தால் கிளப்பி, அதை வந்த வழியே பின்னோக்கி மடித்து, ஃபிரேமை ஒட்டினாற்போல் மிக மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழியும். சூடு அளவை மீறினால் பசை நடுவே பிளந்து, பாதி தாளோடு வந்து பாதி ஃபிரேமிலேயே தங்கிவிடும். ஆகவே அதிகச் சூடு அதிகப் பயன் தரும் என்று எண்ண வேண்டாம்.

தாள் போன பிறகு எஞ்சும் பசைக்கு, பெரும்பாலான வீடுகளில் தேங்காய் எண்ணெயே போதுமானது. ஒரு பருத்தித் துணியை எண்ணெயில் நனைத்துப் பசையின் மேல் சுற்றி, அதற்கு மேல் ஒரு பாலிதீன் உறையைக் கட்டி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணெய் பசைக்குள் ஊடுருவி அதை ஊதச் செய்து, பெயின்டின் மேலிருந்த பிடியைத் தளர்த்தும். இதற்குத் தேவை நேரம்தான்; பலர் எண்ணெயைத் தடவிய மறுகணமே தேய்க்கத் தொடங்கி, பயனில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஊறிய பசையைக் காலாவதியான ஏ.டி.எம். அட்டை போன்ற ஒரு பிளாஸ்டிக் விளிம்பால் வழித்தெடுங்கள். கத்தி, பிளேடு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் ஆகிய மூன்றும் பெயின்டுக்கு ஆகாதவை. முதல் தடவை பாதி போகும்; மறுபடியும் எண்ணெயிட்டு ஊற வைத்தால் மீதியும் போகும். இறுதியில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரால் எண்ணெய்ப் பசையை நீக்கி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். அப்படிச் செய்யாவிட்டால், எஞ்சிய எண்ணெயில் தெருப்புழுதி முழுவதும் வந்து ஒட்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் டேப் இருந்த இடம் மட்டும் அடர்ந்த நிறத்தில் தெரியலாம். அது பசையன்று, மூடியிருந்த பகுதியின் பெயின்ட் வெளுக்காமல் இருப்பதால் ஏற்படும் வேறுபாடு. அதைத் தேய்த்துப் போக்க முடியாது, முயலவும் வேண்டாம். புதுச் சைக்கிளின் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது நம்மிடம் வேரூன்றிய வழக்கம் என்றாலும், அது சைக்கிளுக்கு நன்மையைவிடத் தீமையே செய்கிறது. மழைநீர் அந்த உறைக்குள் புகுந்தால் வெளியேற வழியின்றித் தங்கி, கீறல் இருக்கும் இடத்தில் துருவை வளர்க்கும். வாங்கிய வாரத்திலேயே பிரித்திருந்தால் பசையும் கையோடு வந்திருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் பெட்ரோல் நனைத்த துணியால் ஸ்டிக்கர் பசையை ஒரு நிமிடத்தில் துடைத்துவிடுகிறார்கள். வீட்டில் நாமும் அப்படிச் செய்யலாமா? டபிள்யூடி-40 அதைவிட மேலானதா? — ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பெட்ரோல் பசையைக் கரைக்கும் என்பதில் ஐயமில்லை. ரப்பர்ப் பசையும் பெட்ரோலும் ஹைட்ரோகார்பன் இனத்தைச் சேர்ந்தவை. ஓரினப் பொருள்கள் ஒன்றிலொன்று எளிதில் கரையும். ஆனால் கடை வாசலில் திறந்த வெளியில் செய்யும் வேலையை வீட்டின் பின்கட்டில் செய்வது வேறு. பெட்ரோல், சுழியத்துக்கும் சுமார் 40 டிகிரி செல்சியஸ் கீழேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும் பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், தரையோடு தரையாகப் பரவி, பக்கத்து அறையில் எரியும் அடுப்பையோ விளக்கையோ எட்டிவிடும். அதில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் சிறிதளவு உண்டு. பெட்ரோலில் கை கழுவும் பழக்கம் மெக்கானிக்குகளிடம் இன்னும் இருப்பதைக் காணும்போதெல்லாம் அதைத் தடுத்துச் சொல்லத் தோன்றுகிறது.

எண்ணெய்க்கு அசையாத பசைக்கு மண்ணெண்ணெய் பொருத்தமானது. அதே இனத்தைச் சேர்ந்ததாயினும், அது தீப்பற்றத்தக்க ஆவியைத் தருவது ஏறக்குறைய 38 டிகிரியில்தான். மெதுவாக ஆவியாவதும் இங்கே ஒரு நன்மையே. பசைக்குள் இறங்குவதற்கு அதற்கு நேரம் கிடைக்கிறது. எனினும் கத்திரி வெயில் காலத்தில் தங்கள் மாவட்டத்தின் நண்பகல் வெப்பம் அந்த 38 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால், நிழலிலும் காற்றோட்டத்திலும் வைத்து, அருகில் நெருப்பின்றி இந்த வேலையைச் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காதவர்கள் பெயின்ட் கடையில் விற்கும் டர்பென்டைனையோ, மருந்துக் கடையில் விற்கும் நீலகிரித் தைலத்தையோ பயன்படுத்தலாம். தைலம் விலை அதிகம்; சிறிய இடத்துக்கு மட்டும் ஏற்றது. தின்னரைத் தொட வேண்டாம். பசையைக் கரைக்கும் வேகத்திலேயே அது பெயின்டையும் கரைத்துவிடும்.

டபிள்யூடி-40 என்பது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், உலோகப் பரப்பிலிருந்து ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்ட திரவம். அதில் பெரும்பகுதி பெட்ரோலியக் கரைப்பான், சிறு பகுதி எண்ணெய். ஆகவே பசையைப் பொறுத்தவரை அது மண்ணெண்ணெயில் சிறிது எண்ணெய் கலந்தது போலவே வேலை செய்யும். வீட்டில் இருந்தால் பயன்படுத்தலாம். இதற்கென்று வாங்க வேண்டிய தேவையில்லை.

எதைப் பயன்படுத்தினாலும் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டுமே தவிர, பாகத்தின் மேல் ஊற்றவோ பீய்ச்சவோ கூடாது. சக்கரத்தின் ஹப், பெடல், கிராங்கின் அச்சு, ஹேண்டில் பாரின் கழுத்து ஆகிய இடங்களில் உள்ள குண்டுகளைக் காப்பது கிரீஸ். வழிந்திறங்கும் மண்ணெண்ணெய் அந்தக் கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். அன்று ஒன்றும் தெரியாது; சில வாரங்கள் கழித்துச் சக்கரம் கரகரவென்று ஒலிக்கும்போது யாரும் ஸ்டிக்கரை நினைத்துப் பார்ப்பதில்லை. நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாமல், வெளியில் விரித்து உலர வைத்த பிறகு குப்பையில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: ரிம்மின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கரை எடுத்த பின் அங்கே பசை தங்கி, பிரேக் பிடிக்கும்போது கீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று நண்பர் சொல்கிறார். — ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தடவ வேண்டாம். மற்ற பாகங்களுக்குச் சொன்ன எதுவும் பிரேக் கட்டை உரசும் பரப்புக்குப் பொருந்தாது. எண்ணெயும் மண்ணெண்ணெயும் விட்டுச்செல்லும் மெல்லிய படலம் கண்ணுக்குத் தெரியாமலே இருந்து, பிரேக் கட்டையின் ரப்பருக்குள் இறங்கி, பிடிமானத்தைக் குறைத்துவிடும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் இது இன்னும் கடுமையானது. வட்டிலிலிருந்து எண்ணெயை உறிஞ்சிக்கொண்ட பேடுகளைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

இந்த இடத்துக்கு ஏற்றது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையிலும் மின்னணுப் பொருள்கள் விற்கும் கடையிலும் கிடைக்கும். அக்ரிலிக் பசையை அது நன்றாகவே இளக்கும். படலம் எதையும் விடாமல் முற்றிலும் ஆவியாகிவிடும். நனைத்த துணியைப் பசையின் மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வைத்து, பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, துணியின் புதிய பகுதியால் மறுபடியும் துடையுங்கள். அழுக்கேறிய பகுதியாலேயே திரும்பத் திரும்பத் துடைத்தால் பசை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு இடம்பெயருமே தவிரப் போகாது. கை கழுவும் சானிடைசரிலும் ஆல்கஹால்தானே இருக்கிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள்: இருக்கிறது, ஆனால் தோல் வறளாமலிருக்க அதில் கிளிசரின் சேர்ப்பதுண்டு. பெல்லுக்கும் கேரியருக்கும் அது பரவாயில்லை, பிரேக்குக்கு ஆகாது.

பிரேக் கட்டைகளையும் கழற்றிப் பாருங்கள். முகப்பில் பசை ஏறிப் பளபளத்திருந்தால், மணல்தாளைச் சமதளத்தில் வைத்து அதன் மேல் கட்டையை நான்கைந்து முறை இழுத்தால் புது ரப்பர் வெளிப்படும். பிறகு தெருவில் இறங்குவதற்கு முன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபடியே பிரேக்கைப் பிடித்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஹேண்டில் பாரின் கைப்பிடி உறை பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. எந்த ஸ்டிக்கரும் அங்கே ஒட்டியதில்லை. இந்தப் பசை எங்கிருந்து வந்தது? — ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: எங்கிருந்தும் வரவில்லை, உறையே சிதைந்துகொண்டிருக்கிறது. பி.வி.சி. உறை என்றால், அதை மென்மையாக வைத்திருப்பதற்காகக் கலந்த நெகிழ்வூட்டும் பொருள் வெப்பத்தில் மெல்லக் கசிந்து மேலே வருகிறது. இயற்கை ரப்பர் என்றால், வெயிலும் ஓசோனும் வியர்வையும் அதன் மேற்பரப்பைச் சிதைத்து இளகச் செய்கின்றன. தொட்டால் பட்டுப்போல் இருக்கும் மேற்பூச்சுடன் வரும் உறைகளில் அந்தப் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன்; காற்றின் ஈரப்பதம் அதன் மூலக்கூறுகளை உடைக்கிறது. தங்கள் ஊரைப் போன்ற கடலோர ஊர்களில் இது விரைவாக நிகழ்வதில் வியப்பில்லை.

எண்ணெய் தடவினால் நிலைமை மோசமாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால், பூச்சு சிதைந்த உறையாக இருப்பின், பிசுபிசுத்த மேலடுக்கு முழுவதும் கறுப்பாகத் துணியில் வந்துவிட்டு, அடியில் உறுதியான பிளாஸ்டிக் தெரியும். அத்தகைய உறையைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு வந்துகொண்டே இருந்தால் உள்ளும் புறமும் கெட்டுவிட்டது என்று பொருள். டால்கம் பவுடர் பூசுவது ஒரு நாளைய ஏற்பாடு. புதிய உறையின் விலை அதிகமில்லை; மாற்றிவிடுங்கள். மாட்டும்போது வழுக்கி உள்ளே போவதற்கு எண்ணெயோ சோப்போ இடாமல், சிறிது ஆல்கஹால் விட்டு மாட்டினால், அது உலர்ந்ததும் உறை சுழலாமல் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: தாத்தா 1960-களில் வாங்கிய ஹெர்குலிஸ் சைக்கிளைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். ஃபிரேமில் இன்சுலேஷன் டேப்பும், மட்கார்டில் கட்சிச் சின்ன ஸ்டிக்கரும், செயின் கவரில் பழைய காகிதச் சீட்டு ஒன்றும் ஒட்டியிருக்கின்றன. அடியில் தங்க நிறக் கோடுகளும் நிறுவன முத்திரையும் தெரிகின்றன. அவை அழியாமல் பசையை எடுக்க முடியுமா? — ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வந்த கடிதங்களில் அவசரப்படக் கூடாத வேலை இது ஒன்றுதான். ஹெர்குலிஸைத் தயாரித்த, 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளானாலும், அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானவையானாலும், அந்தக் காலச் சைக்கிள்களின் கறுப்பு எனாமல் சூளையில் வைத்துச் சுட்டு இறுக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்கு அது எளிதில் அசையாது. அந்த எனாமலின் மேல் இருப்பவைதான் மென்மையானவை. தங்க நிறக் கோடுகள், எனாமல் சுட்டு முடிந்த பிறகு தூரிகையால் கையாலேயே இழுக்கப்பட்டவை. நிறுவன முத்திரை, தாளிலிருந்து பெயர்த்து ஒட்டி, மேலே வார்னிஷ் பூசப்பட்ட மெல்லிய படலம். பழைய வார்னிஷ்களில் ஆல்கஹாலில் கரைபவையும் உண்டு என்பதால், மேலே பிரேக்குக்குப் பரிந்துரைத்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இங்கே அறவே தவிர்க்க வேண்டும். அசிட்டோனும் தின்னரும் முத்திரையை ஒரே துடைப்பில் கொண்டுபோய்விடும். ரப்பிங் காம்பவுண்டும் அப்படியே. பளபளப்பு வரும், கோடு போய்விடும்.

மூன்றும் மூன்று வகைப் பசை என்பதால் மூன்றையும் தனித்தனியே அணுகுங்கள். காகிதச் சீட்டு அந்தக் காலத்ததாக இருந்தால் மாவுப் பசையால் ஒட்டியிருக்க வாய்ப்பு மிகுதி. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன் மேல் போட்டு வைத்தால் தானே கிளம்பி வரும். எழுத்து தெரியும் சீட்டாக இருந்தால் எடுக்க வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். நகராட்சி சைக்கிள் வரிக்குத் தந்த தகட்டு வில்லையைப் போல அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான்.

இன்சுலேஷன் டேப் பி.வி.சி.யால் ஆனது, அதன் பசை பெரும்பாலும் ரப்பர் வகை. டேப்பிலுள்ள நெகிழ்வூட்டும் பொருள் பெயின்டுக்குள்ளும் இறங்கி அதன் மேற்பரப்பைச் சற்று இளக்கியிருக்கக்கூடும். ஆகவே டேப்பை உரித்த அன்றே தேய்க்காமல் இரண்டொரு நாள் காற்றாட விடுவது நல்லது. பிறகு, டேப்பின் பசையானாலும் மட்கார்டிலுள்ள ஸ்டிக்கரின் பசையானாலும், கோடுகள் இல்லாத இடத்திலிருந்து தொடங்கி, மண்ணெண்ணெயில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியைப் பசையின் மேல் உருட்டுங்கள். தேய்க்காமல் உருட்டுவதே இதில் முக்கியம். குச்சியின் பஞ்சு தங்க நிறமோ மஞ்சள் நிறமோ ஏறிவந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கோட்டின் மேலேயே படிந்திருக்கும் பசைக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை வைத்து, ஊறிய பிறகு மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். இப்படிப் பல நாள்கள் ஆகலாம். முழுவதும் போகாவிட்டால் மங்கலான கறையோடு விட்டுவிடுவதே என் பரிந்துரை. பழைய சைக்கிள் சேகரிப்போர் மதிப்பது தொழிற்சாலைப் பெயின்டைத்தான். கறை இருக்கும் அசல் கோட்டுக்கு உள்ள மதிப்பு, புதிதாக வரைந்த கோட்டுக்கு இல்லை.

குரோம் பூசிய ஹேண்டில் பார், ரிம் ஆகியவற்றில் பசை இருந்தால் கவலையில்லை; மண்ணெண்ணெயால் துணிந்து துடைக்கலாம். கெட்டிப்பட்ட இடத்தில் 0000 எண்ணுள்ள மிக நுண்ணிய எஃகு நாரை எண்ணெயில் நனைத்து மெல்ல உரசலாம். சமையலறையில் இருக்கும் கம்பி நார் அதைவிட மிகவும் முரடானது. குரோமில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியே துரு ஏறும்.

கேள்வி: ஹெல்மெட்டிலும் பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டரிலும் விலைச் சீட்டின் பசை உள்ளது. நகப்பூச்சு நீக்கும் திரவம் போதுமா? — ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: ஹெல்மெட்டின் அருகே அதைக் கொண்டுபோக வேண்டாம். அந்தத் திரவங்கள் பலவற்றில் இருக்கும் அசிட்டோன், ஹெல்மெட்டின் மேலோட்டைக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளுடன் பலவீனப்படுத்தும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரையில் பட்டால் அந்த இடத்தையே கரைத்துக் குழியாக்கும். பெட்ரோல், தின்னர், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த கறைநீக்கிகள் ஆகியவையும் அந்த நுரைக்குப் பகையே. விழும்போது தலையைக் காப்பது அந்த நுரைதான் என்பதால், ஹெல்மெட்டுக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரும் கைவிரலும் தவிர வேறெதுவும் வேண்டாம். காகிதத்தை ஊறவைத்து எடுத்த பின், எஞ்சும் பசையைக் கட்டைவிரலால் ஒரே திசையில் உருட்டிக்கொண்டே இருந்தால் அது திரண்டு சிறு உருண்டைகளாக வந்துவிடும். ரிஃப்ளெக்டரும் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அக்ரிலிக், ஆல்கஹால் பட்டாலும் நுண்வெடிப்பு விட்டு மங்கும். அங்கே சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, உடனே சோப்பு நீரால் கழுவிவிடுங்கள்.

கேள்வி: பந்தய வகைச் சைக்கிள் வைத்திருக்கிறேன். அலுமினிய ஹேண்டில் பாரில் பழைய பார் டேப்பின் பசையும், ரிம்மின் உட்புறத்தில் டியூப்லெஸ் டேப்பின் பசையும் உள்ளன. முன் ஃபோர்க் கார்பன். எங்கே எதைப் பயன்படுத்துவது? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஹேண்டில் பாரின் பசையை முற்றிலும் எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை, புது டேப் அதன் மேல்தான் வரப்போகிறது. மேடு பள்ளமாகக் கையில் உறுத்தும் கட்டிகளை மட்டும் மண்ணெண்ணெயால் இளக்கி எடுத்து, பின்னர் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். துடைக்கும்போது டேப்பின் அடியில் வியர்வை உப்பு தேங்கி அலுமினியம் வெண்மையாக அரித்திருக்கிறதா என்று பாருங்கள். குழி விழுந்திருந்தால் பசையை மறந்துவிட்டு, பாரை ஒரு தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அடுப்பு மேடை துடைக்கும் காரத் திரவங்களையும் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத்தில் பயன்படுத்த வேண்டாம். காரம் அலுமினியத்தை அரிக்கும்.

ரிம்மின் உட்புறக் கதை வேறு. டியூப்லெஸ் டேப் காற்றைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பதால், பழைய பசையும் எண்ணெய்ப் படலமும் சிறிதும் இருக்கக் கூடாது. அங்கே எண்ணெயோ மண்ணெண்ணெயோ கூடாது. அலுமினிய ரிம் என்றால் அசிட்டோனால் துடைத்து, இறுதியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மறுபடியும் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே புது டேப்பை இழுத்து ஒட்டுங்கள். அசிட்டோன் வெளிப்புறத்துக்கு வழிந்தால் ரிம்மின் எழுத்துகள் அழியும், கவனம். கார்பன் ரிம்முக்கும் கார்பன் ஃபோர்க்குக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோடு நின்றுகொள்ளுங்கள். கார்பன் இழைகளைப் பிணைத்திருப்பது எப்பாக்சிப் பிசின். பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன் சில நூறு டிகிரி வெப்பக் காற்றை ஊதுவது; அது பசையோடு அந்தப் பிசினையும் இளக்கிவிடும். பிளேடின் கீறலும் கார்பனில் அழகுக் குறை மட்டுமன்று. ரிம்மில் பசையால் ஒட்டிப் பொருத்தும் டியூபுலர் டயரைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வரி: ரிம்மில் சீராகப் படிந்திருக்கும் பழைய பசையின் மெல்லிய அடுக்கு இருக்கலாம், கட்டிகளை மட்டும் எடுத்தால் போதும்.

கேள்வி: பஞ்சர் ஒட்டும்போது சிந்திய சொல்யூஷன் ரிம்மிலும் டயரிலும் காய்ந்துவிட்டது. பெல்லில் ஃபெவிக்விக் வழிந்திருக்கிறது. — ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சொல்யூஷன் என்பது கரைப்பானில் கரைந்த ரப்பர். கரைப்பான் பறந்த பிறகு எஞ்சுவது ரப்பர் மட்டுமே. முழுவதும் காயவிட்டு, விரலால் உருட்டினால் தானே சுருண்டு வரும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பரவும். டயரின் மேல் மண்ணெண்ணெய் வேண்டாம்; டயரின் ரப்பரும் அதை உறிஞ்சி ஊதும். பெல்லில் இருப்பது சயனோஅக்ரிலேட். அதற்கு மேலே சொன்ன எண்ணெய்கள் எதுவும் பயன்படா. பெல்லின் மூடி குரோம் பூசிய உலோகமாக இருந்தால், கழற்றியெடுத்து அசிட்டோன் நனைத்த பஞ்சை அதன் மேல் சில நிமிடம் வைத்து, இளகியதும் வழித்தெடுக்கலாம். பிளாஸ்டிக் பெல் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆயுத பூஜைக்குச் சைக்கிளில் ரிப்பனும் வண்ணத் தாளும் ஒட்டுகிறோம். குழந்தைகள் வேறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பசையே தங்காத டேப் ஏதாவது உண்டா? — ஒரு ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: பெயின்ட் கடையில் விற்கும் மாஸ்கிங் டேப் ஓரளவு அதற்கு நெருங்கி வரும். 1925-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ இதை உருவாக்கியதே, காருக்கு இரண்டு வண்ணம் அடிக்கும்போது முதல் வண்ணம் பெயராமல் டேப்பை உரித்தெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் அதன் பிடியும் குறுகிய காலத்துக்கானது. ஓரிரு நாளுக்குள் எடுத்தால் சுத்தமாக வரும். வெயிலில் வாரக்கணக்கில் விட்டால், மற்ற எல்லா டேப்பையும் போலவே காகிதம் கிழிந்து பசை தங்கும். பூஜைக்கு ஒட்டியதை மறுநாளே எடுத்துவிட்டால் செல்லோ டேப்கூடப் பெரிய தொல்லை தராது.

குழந்தைகளின் ஸ்டிக்கருக்கு, ஃபிரேமின் பெயின்டை விட்டுச் செயின் கவரின் உலோகப் பகுதியை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். நான்கு திருகைக் கழற்றினால் அதைத் தனியே எடுத்து ஊறவைத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம். ரிம்மின் பக்கங்களிலும் ரிஃப்ளெக்டரின் மேலும் மட்டும் எதையும் ஒட்ட விடாதீர்கள். முன்னது பிரேக்குக்கும் பின்னது இரவில் பின்னால் வருவோர் கண்ணுக்கும் உரியது. ரிப்பனையும் பூச்சரத்தையும் நூலால் ஹேண்டில் பாரிலும் கேரியரிலும் கட்டலாம். ஸ்போக்ஸில் கட்டுவதானால் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் கட்டி, ஓட்டுவதற்கு முன் அவிழ்த்துவிட வேண்டும். சந்தனமும் குங்குமமும் ஈரத் துணிக்கே போய்விடும். குரோம் பூசிய இடங்களில் இட்டதை மட்டும் ஈரம் தங்க விடாமல் அன்று மாலையே துடைத்துவிடுங்கள்.